ஐந்திலும் இல்லாதவர்கள்

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களை ஃபோனுக்குக் கூப்பிடச் சொல்லி அம்மாவிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "அவருக்கு ஃபோன்ல பேசினா பாதி விளங்கறதில்ல. எழுதிப் போடு, நூறு தடவ படிப்பாரு" என்றாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் கையால் எழுதும் முதல் கடிதம் இது.

ஜனவரியில் வீட்டுக்கு வந்தபோது நெட்டை மாமா என்னைப் பார்த்து, "ஏம் பாப்பா, உங்கப்பா உக்காந்த நாற்காலியையே வெறகாக்க வந்துட்டியா?" என்று கேட்டார். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பொறுப்பில் இருப்பவர் அவர். கேட்க உரிமை உண்டு. எனக்கு வலித்தது வேறு. நீங்கள் கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அவ வேலைய அவ செய்யறா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது போகட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன். போகவில்லை.

இப்போது வேலை விஷயம். அந்த அறைக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் மெஷினை எங்கள் நிறுவனம் செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷக் குரல்பதிவுகளையும், ஒவ்வொரு அழைப்புக்கும் நீங்கள் எல்லாரும் எழுதிய குறிப்புகளையும் துறை எங்களிடம் கொடுத்திருக்கிறது. அவற்றைக் கேட்டுத்தான் மெஷின் கற்றுக்கொள்கிறது. அதனால் தினமும் எட்டு மணி நேரம் உங்கள் குரலைக் கேட்கிறேன். "வணக்கம், ஆம்புலன்ஸ். எங்க இருக்கீங்க?" முதலில் எங்கே என்பது, பிறகுதான் என்ன என்பது. வீட்டில் நீங்கள் பத்து வார்த்தை பேசினால் அன்று மழை வரும் என்று அம்மா சொல்வாள். முகம் தெரியாதவர்களிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசியிருக்கிறீர்கள்.

ஒரு சந்தேகம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, மயக்கம், பிரசவம் ஆகிய ஐந்துக்கு மட்டுமே வண்டி அனுப்பலாம் என்பது விதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஒன்று என்றால் நெஞ்சுவலி. ஆனால் ஒன்று என்று எழுதிய அழைப்புகளில் எட்டில் ஒன்றில் யாரும் நெஞ்சுவலி என்று சொல்லவே இல்லை. உங்கள் ஷிஃப்டில் இது அதிகம். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. கவனக்குறைவாக எழுதிய எண், தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார்கள் என் குழுவில். "எங்கப்பா கடைக்குக் குடுக்கற சீட்டுலகூட வரிசை எண் போடுவாரு" என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அவை பிழைதானா? ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மகள்

பிப்ரவரி 19

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து சாய்ந்திருந்தாலும் படிக்க முடிகிறது.

ஹெட்செட் மாட்டிய இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காதில் ஃபோனை வைத்தால் சத்தம் கேட்கிறது, சொற்கள் பிரிவதில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். நீ பேசும்போது 'என்ன, என்ன' என்று கேட்டு உன்னை அலுக்கவைக்க மனம் வரவில்லை.

ஜனவரியில் பேசாமல் இருந்ததற்குக் காரணம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று காரணங்கள் வந்தன. திரும்பப் படித்தபோது மூன்றும் ஒரே காரணமாகத் தெரிந்ததால் அடித்துவிட்டேன்.

நீ கேட்ட பதிவுகள். அந்த அறையில் வேலைப்பளு அதிகம். ஒரு அழைப்பை முடித்து எண்ணைப் போடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். உன் குழுவினர் சொல்வதுபோல் பிழையாக இருக்கலாம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நெட்டை போன வாரம் வந்திருந்தான். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டால் இயந்திரத்துக்கு ஏதும் குறை வருமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

குறை ஒன்றும் வராது. நாலாயிரத்து நூற்றாறு பதிவுகளை நீக்கிவிட்டோம். மெஷின் முன்பைவிடத் தெளிவாக முடிவெடுக்கிறது. என் மேலாளர் பாராட்டினார். உங்கள் ஒரு வரிக்கு நன்றி.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சோதனை ஓட்டம் தொடங்குகிறது. ஒரு மாதம். மெஷின்தான் பேசும், அதுதான் முடிவெடுக்கும். உங்கள் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், குறுக்கிடக் கூடாது. நல்லபடியாக முடிந்தால் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு ஜூன் மாதத்தோடு வேலை இல்லை. இதை நெட்டை மாமா வாயால் கேட்பதைவிட என் கையெழுத்தில் படிப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

கோபப்படுங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கோபப்படுங்கள். போன வருஷம் பதினான்கு அழைப்பில் ஒன்றை யாரும் எடுக்கவில்லை. உங்கள் அறையில் யாரும் சோம்பேறி இல்லை, கை போதவில்லை. அந்த அழைப்புகளுக்குக் குரல்பதிவு கிடையாது. மணி அடித்த நேரம் மட்டும் இருக்கிறது. நாற்பது நொடி. ஐம்பத்தைந்து நொடி. பிறகு வைத்துவிட்டார்கள். அவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று எந்தச் சங்கமும் கேட்டதில்லை. மெஷின் ஒரே நேரத்தில் நூறு பேரிடம் பேசும்.

சேர்ந்த நாற்காலியிலேயே ஓய்வு பெறுவது உங்கள் காலத்தில் நடந்தது. நான் எட்டு வருஷத்தில் நான்கு வேலை மாறிவிட்டேன். இந்த வேலையையும் ஒருநாள் ஒரு மெஷின் எடுத்துக்கொள்ளும், தெரிந்துதான் செய்கிறேன். எனக்காக யாரும் டீக்கடையில் நின்று அங்கலாய்க்கப் போவதில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்பாள், நம்பாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 17
(இந்தக் கடிதம் அன்று தபாலில் போடப்படவில்லை)

அன்பு மகளுக்கு,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய். அவை பிழையான பதிவுகள் அல்ல. வேண்டுமென்றே எழுதியவை. தொடங்கியவன் நான்.

பணியில் சேர்ந்து எட்டாவது ஆண்டு. ஒரு மதியம் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர் அழைத்தார். "ஒண்ணுமில்ல சார், ஒரு மாதிரியா இருக்கு, எனக்கே சொல்லத் தெரியல" என்றார். ஐந்து கேள்விகளையும் கேட்டேன். ஐந்துக்கும் இல்லை என்றார். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். "சரி சார், வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார். சொல்லிவிட்டும் ஃபோனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். பூஜ்யம், அதாவது அவசரமில்லை என்று எழுதினேன்.

மூன்றாம் நாள், அண்ணனை அடக்கம் செய்துவிட்டு, அவருடைய தம்பி அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடவில்லை. "எங்கண்ணன் என்ன சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பீங்க சார்? அதச் சொல்லுங்க, இனிமே யாருக்காவது ஆனா நாங்க அப்படியே சொல்லிக்கறோம்" என்றார்.

அதன் பிறகு அப்படி ஒருவர் அழைத்தால் ஒன்று என்று எழுதி வண்டியை அனுப்பத் தொடங்கினேன். நடிப்பவர்கள் வலியைப் பெரிதாகச் சொல்வார்கள். இவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், ஐந்துக்கும் இல்லை என்பார்கள், ஃபோனை வைக்க மாட்டார்கள். எட்டு வண்டிகளில் ஏழு சும்மா திரும்பும். ஒன்றில் ஆள் பிழைப்பார். மற்றவர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். 'அண்ணன் ஒண்ணு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

இதில் எனக்குப் பெருமை இல்லை. விதியில் ஆறாவதாக ஒன்றைச் சேருங்கள் என்று மேலே எழுதியிருக்க வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தன. இரண்டு முறை மனு எழுதி, கையெழுத்தில்லாமல் இழுப்பறையில் வைத்தேன். பொய் எண் போடுவது எளிதாக இருந்தது. அதை யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படிக்கும் ஒன்றை என் மகளே செய்வாள் என்று எப்படித் தெரியும்?

நெட்டை அன்று வந்தது இதற்குத்தான். "அண்ணே, அந்த ஒண்ணு மெஷினுக்குத் தெரியாது. நம்ம கையில மிச்சம் அது மட்டுந்தான். மெஷின் தடுக்கி விழட்டும், பன்னெண்டு குடும்பம் பொழைக்கும். நீங்க வாயத் தொறக்காம இருந்தா போதும். உங்களுக்கு அது கைவந்த கலைதானே" என்றான்.

சொன்னால் ஒன்பது பேரின் வேலையை நானே பிடுங்கிக் கொடுத்தவன் ஆகிறேன். சொல்லாவிட்டால் ஏப்ரலில் யாரோ ஒருவர் ஐந்துக்கும் இல்லை என்பார்.

நாளைக் காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அப்பா

ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நெட்டை மாமாவைப் பணியிடை நீக்கம் செய்திருப்பது உங்கள் காதுக்கு வந்திருக்கும். நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் மூன்று, காலை பதினொன்று பத்து. சலவைக்கடையில் துணி தேய்க்கும் ஒரு பெண்மணி, ஐம்பத்தெட்டு வயது, வீட்டிலிருந்து அழைத்திருக்கிறார். மெஷின் ஐந்து கேள்விகளையும் கேட்டது. தன்மையாகவே கேட்டது, உங்கள் குரலில் பழகியதல்லவா. ஐந்துக்கும் இல்லை என்றார். அருகிலுள்ள மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது. நெட்டை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, தன் சொந்த ஃபோனில் வண்டி ஓட்டுநரைக் கூப்பிட்டு, "போய்யா, கேள்வி கேக்காமப் போ" என்று அனுப்பிவிட்டார்.

மாரடைப்பு. இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். இப்போது நலம்.

அன்று மாலையே சோதனையைக் குலைத்தார் என்று எங்கள் நிறுவனம் புகார் கொடுத்தது. அதில் என் கையெழுத்து இருக்கிறது. பதிவைக் கேட்டது கையெழுத்துப் போட்ட பிறகுதான். என்ன அவசரமோ எனக்கு.

நீக்கிய நாலாயிரத்து நூற்றாறில் இருநூறை எடுத்துத் திரும்பக் கேட்டேன். எல்லாரும் அந்தப் பெண்மணியைப் போலவே பேசுகிறார்கள்.

மே ஏழாம் தேதி விசாரணை. ஏன் அனுப்பினாய் என்று எத்தனை பேர் கேட்டாலும் நெட்டை மாமா "தோணுச்சு சார், அனுப்பினேன்" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. இதே பதிலைச் சொன்னால் வேலையை விட்டே நீக்கிவிடுவார்கள். அவர் யாரையோ காப்பாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி கேட்கிறேன், அப்பா. அவை பிழைதானா?

மகள்

ஏப்ரல் 18

அன்பு மகளுக்கு,

பிழை அல்ல. அவன் காப்பாற்றுவது என்னைத்தான். மார்ச் 17 தேதியிட்ட ஒரு கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்று முதல் என் சட்டைப்பையிலேயே இருந்தது. தபால் பெட்டி வரை நான்கு நாள் போனேன்.

விசாரணைக்கு வந்து எழுத்துமூலம் கொடுக்கிறேன். என் பழைய பணிப் பதிவுகளைத் தோண்டுவார்கள். தோண்டட்டும் என்று எழுத ஆசை. உண்மையில் ஓய்வூதியத்தை எண்ணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கூடவே இருக்கறவகிட்டயும் சொல்லலையா? நல்ல அழுத்தக்காரரு!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அங்க போயும் முணுமுணுக்காதீங்க. சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

அப்பா

ஏப்ரல் 24

அப்பா,

கடிதம் மார்ச் பதினெட்டில் வந்திருந்தால் சோதனையை நிறுத்தியிருப்பேன். அந்தப் பெண்மணி இறந்திருந்தால் நீங்களும் நானும்தான் கொன்றிருப்போம். நெட்டை மாமா குறுக்கே விழுந்தார்.

மே ஏழுக்கு வாருங்கள். நான் நிறுவனத்தார் பக்கம் உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு வணக்கம் சொல்ல மாட்டேன்.

மே 9

அன்பு மகளுக்கு,

நான் சொன்னதை நீ கேட்டாய். அதைத் திரும்ப எழுதவில்லை. "இத்தன வருஷமா ஏன்யா எழுதிக் குடுக்கல?" என்று அதிகாரி கேட்டபோது "பயம் சார்" என்றேன். யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். பணியிடை நீக்கத்தை ரத்து செய்த தாளை வாங்கிக்கொண்டு நெட்டை என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தான். "அண்ணே, உங்களால எம் மானம் தப்பிச்சுது. நீக்குன பதிவையெல்லாம் மறுபடி சேக்கப் போறாங்க, மெஷின் தேறிடும். ஜூன் மாசம் வீட்டுக்குப் போறேன், அதுவும் உங்களாலதான். உங்களக் கும்பிடறதா, நாலு சாத்து சாத்தறதா?" என்றான்.

"நீ ஏண்டா அனுப்புன? சும்மா இருந்திருந்தா நீ நெனச்சபடியே மெஷின் விழுந்திருக்குமே" என்று கேட்டேன்.

தாளை மடித்துக்கொண்டே இருந்தான். "அந்தம்மா மன்னிப்புக் கேட்டுச்சுண்ணே" என்றான்.

பேருந்து வந்தது. ஏறாமல் இருவரும் நின்றுவிட்டோம்.

நேற்று ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அந்த அறையில் எல்லாரையும்விட இளையவள், வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எனக்கு எந்தப் படிப்பும் சொல்லித் தராதத அந்த ஒண்ணு சொல்லிக் குடுத்துச்சு சார். இந்த வேலைல நான் ஏதோ தெரிஞ்சவளா இருந்தேன். இப்ப மெஷினுக்கும் அதச் சொல்லிட்டீங்க. தப்புன்னு சொல்ல வரல. ஆனா நான் எங்க சார் போறது?" என்றாள்.

பதினான்கில் ஒருவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று நீ எழுதியதை அவளிடம் சொன்னேன். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. எடுக்க முடியாத ஒவ்வொரு மணியும் அவள் காதிலேயே அடித்ததாம். நியாயம் தெரிந்தவளிடம் என்ன பேசுவது?

சரியென்று நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அந்த அறையில் வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் தெருவழியே நடக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன். அவளுக்குச் சொல்ல உன்னிடம் ஏதாவது இருந்தால் எழுது.

அப்பா

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். வேறு ஒன்றை எழுதும்வரை வெறுங்கையோடு எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

மெஷினில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தோம். ஐந்துக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு வைக்காமல் இருப்பவர்கள். ஜூலை ஒன்றிலிருந்து மெஷின் முழுப் பொறுப்பில் இருக்கிறது. இதுவரை ஒரு அழைப்பும் எடுக்கப்படாமல் போகவில்லை, இதை அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாளோ என்னவோ. ஆறாவதின்படி நாற்பத்தாறு வண்டிகள் போயின. நாற்பத்தொன்று சும்மா திரும்பின. ஐந்தில் உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆட்கள் இருந்தார்கள்.

போன வியாழக்கிழமை கூட்டம். நாற்பத்தொன்று வீண், ஆறாவதைப் பாதியாகக் குறைத்துவிடு என்றார்கள். குறைப்பது எனக்கு அரை நிமிட வேலை. ஐந்தில் எந்த இரண்டு பேரை விடுவது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "பார்க்கறேன் சார்" என்றேன்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் எப்படி இப்படி இருந்தீர்கள் என்று ஏப்ரலிலிருந்து உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் "பார்க்கறேன் சார்" என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? இது முதல் தடவைகூட இல்லை. அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டதும் இதேபோலத்தான்.

திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறாவதைக் குறைக்க மாட்டேன், குறைப்பதானால் குறைப்பவர் பெயரை எழுதி வைத்துவிட்டுக் குறையுங்கள் என்று. அந்த அழைப்புகளை மட்டும் கேட்க இரண்டு பேரைத் திரும்ப எடுக்க வேண்டும், போனவர்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். அவளுக்கு இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கே இடம் இருக்குமா என்று தெரியாது. இன்னும் பதில் வரவில்லை. மேலாளர் என்னைப் பார்த்தால் ஃபோனில் பேசுவதுபோல் நடிக்கிறார்.

பயமாக இருக்கிறது அப்பா. நகலை இத்துடன் அனுப்புகிறேன். படித்துப் பாருங்கள்.

உங்கள் மகள்

ஜூலை 20

அன்பு மகளுக்கு,

நகலை மூன்று முறை படித்தேன். உன் அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "இது யாரு மாதிரி?" என்று கேட்டாள். என் மாதிரி இல்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொன்னேன்.

நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகப்போகிறேன். நெட்டையையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். சுற்றுவழியில் இல்லை, நேர்வழியிலேயே போகிறோம். கிடைக்குமோ கிடைக்காதோ, தனக்காக ஒருத்தி கேட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு குறை. நான்காம் வரியில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். இழுப்பறையில் கிடந்த என் இரண்டு மனுக்களும் அப்படித்தான் தொடங்கின. கொடுத்துவிட்டாய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை. பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடி எழுது. அதில் அந்தச் சொல் வேண்டாம்.

அப்பா